ஒன்றரை மில்லி

சீம்பால் என்றால் மாட்டுக்குத்தான் என்றிருந்தேன்.
வெல்லமும் ஏலமும் தட்டிப்போட்டு
கிண்ணத்தில் அவிந்து வருவது.
"உனக்கும் வரும்மா" என்றார் ஹபீபா சிஸ்டர்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்,
முப்பத்தேழாம் வாரத்துச் சீட்டில்
சர்க்கரை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு வட்டம் போட்டு.
"சர்க்கரை இருந்த அம்மாவுக்கு
சில சமயம் பால் இறங்க நாளாகும்.
பிள்ளைக்கோ பிறந்ததுமே சர்க்கரை இறங்கும்.
அந்த இடைவெளிக்கு
இப்போதே கொஞ்சம் சேர்த்து வை."

சேர்த்து வைப்பது எனக்குப் புதிதில்லை.
முதுநகர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறவள்.
எந்தப் படகு, எத்தனை பார், எவ்வளவு பாக்கி.

குளித்த ஈரத்தலையோடு
கதவைத் தாழிட்டு உட்கார்ந்தேன்.
இரண்டு விரல், பிறை மாதிரி.
அழுத்தி, விட்டு, அழுத்தி.
முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை என்று
எழுதப் போகையில்
ஒரு பொட்டு.
மஞ்சள்.
தேன் என்று சொல்ல மாட்டேன்,
தேனைப் பார்த்தே நான்கு மாதம்.
லெட்ஜர் ஒட்டும் பழைய கோந்தின் நிறம்.

ஊசிமுனை இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி
பேரும் தேதியும் ஒட்டினேன்.
ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக் குழியில், இன்சுலின்.
மேலே ஃப்ரீசரில் இது.
எனக்குள் போக வேண்டியதும்
என்னிடமிருந்து வந்ததும்
ஒரே பெட்டியில்.

நாத்தனார் பார்த்துவிட்டாள்.
"வயித்துல இருக்கும்போதே கறந்துட்டா
பொறக்குற புள்ளைக்கு என்னடி மிச்சம்?"
எனக்கும் அந்தப் பயம் இருந்தது.
பதில் சொல்லாமல் நோட்டில் எழுதினேன்:
செவ்வாய், பூஜ்யம் புள்ளி இரண்டு.
புதன், பூஜ்யம் புள்ளி மூன்று.
வியாழன், வயிறு இறுகியது, நிறுத்திவிட்டேன்.

அப்புறம் அந்தக் கார்த்திகைக் காற்று.
கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
அஞ்சப்பன் டிஃபன் பாக்ஸில் துணி சுற்றி
ஏழு சிரிஞ்சையும் மழையில் கொண்டுபோனார்,
ஜெனரேட்டர் ஓடும் எங்கள் கம்பெனிக்கு.
மூன்று நாள் என் பால்
வஞ்சிரத்துக்கான குளிரில் கிடந்தது.
ரசீது வாங்கினீர்களா என்று கேட்டேன்.
சிரித்தார்.
நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

ஏழும் சேர்த்து ஒன்றரை மில்லி.
லாரி லாரியாய் ஐஸ் எழுதிய கையால்
அதையும் எழுதினேன்.

ஞாயிறு விடியற்காலை அவள் வந்தாள்.
வந்த ஒரு மணி நேரத்தில்
குதிகாலில் குத்தினார்கள்.
தினம் நான்கு முறை என் விரலில் குத்தியது
போதாதென்று.
அவள் அழுதாள்.
நான் மீட்டரையே பார்த்தேன்.
முப்பத்தொன்பது.

மார்பில் போட்டார்கள்.
மோந்தாள், நக்கினாள்,
வேலை முடிந்தவள்போலத் தூங்கிவிட்டாள்.

அஞ்சப்பன் ஒரு சிரிஞ்சை
உள்ளங்கையில் பொத்தி நின்றார்.
கொக்கி போட்டு ஐஸ் இழுக்கும் கை.
அதில் எதுவும் லேசில் உருகாது.
வாங்கி என் அக்குளில் வைத்துக்கொண்டேன்.

கன்னத்தின் உள்ளோரம் ஒரு சொட்டு.
தூக்கத்திலேயே நாக்கு அதைத் தேடிப் பிடித்தது.
இன்னொன்று.
மூன்றாவது சிரிஞ்ச் கைநழுவிக்
கட்டிலுக்கடியில் உருண்டது.
"விடும்மா" என்றார் ஹபீபா சிஸ்டர்.
விட்டேன்.
கணக்கில் இன்னும் விடவில்லை.

நாற்பத்தாறு.
பிறகு ஐம்பத்திரண்டு.
"மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி" என்று
பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

அன்று பால் இறங்கவில்லை. மறுநாளும்.
மூன்றாம் நாள் பாலாடையில்
பவுடர் பாலும் புகட்டினோம்.
நான்தான் புகட்டினேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.
அவள் பேதம் பார்க்கவில்லை,
மடக் மடக்கென்று குடித்தாள்.

நான்காம் நாள் இருட்டில் விழித்தபோது
ஜாக்கெட், பாய், அவள் தலை,
எல்லாம் நனைந்திருந்தன.
எங்கோ ஐஸ் உருகிவிட்டது என்றுதான்
முதலில் பதறினேன்.